வீட்டிலேயே குணமானவர்கள்: சேத்துப்பட்டு காசநோய் ஆய்வும் அது மிச்சம் வைத்த உணவுக் கேள்வியும்

சென்னைக் கடற்கரையில் புறப்படும் மின்தொடர் வண்டி தாம்பரத்துக்கு முன்பாக நிற்கும் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். அன்றாடம் அங்கே ஏறி இறங்குகிறவர்களில் பலருக்கு அது ஓர் ஊர்ப்பெயராக மட்டுமே தெரியும். 1928-ஆம் ஆண்டு டாக்டர் டேவிட் சௌரிமுத்து அங்கே நிறுவிய காசநோய் மருத்துவமனையே அந்தப் பெயருக்குக் காரணம். அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து என்று ஒன்று இல்லை. காற்றோட்டமான இடம், முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி என்று போஷாக்கான உணவு, குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் பிரிந்திருத்தல் ஆகிய இவைதாம் சிகிச்சை. நோயாளியைக் காப்பதற்கும் அவரிடமிருந்து மற்றவர்களைக் காப்பதற்கும் இந்த ஒரே ஏற்பாடு போதும் என்று உலகெங்கும் மருத்துவர்கள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை அளந்து பார்த்து மாற்றிய ஆய்வு 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கியது. காசநோய் எப்படிப் பரவுகிறது, குணமடைவதில் உணவுக்கு என்ன பங்கு, குணமானவர் ஆண்டுகள் கடந்தும் நலமாக இருக்கிறாரா என்ற மூன்று கேள்விகளையும் ஒரே நோயாளிகளிடமும் அவர்களுடைய குடும்பத்தாரிடமும் வைத்துப் பார்த்த ஆய்வு அது. முதற்கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் கிடைத்த விடைகளை நாம் ஓரளவு சரியாகவே உள்வாங்கிக்கொண்டோம். இரண்டாம் கேள்விக்குக் கிடைத்த விடையை, அது சொன்னதற்கும் மேலாக நீட்டிப் புரிந்துகொண்டோம் என்பதும், அந்தப் பிழையின் விலையை ஏழை வீடுகள் நெடுங்காலம் கொடுத்தன என்பதும் என் கருத்து. இந்த ஆய்வை இன்று மறுபடி விரிவாக எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம் அதுதான்.

1950-களின் நடுவில் நிலைமை இப்படி இருந்தது. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும், பாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பாரா-அமினோசாலிசிலிக் அமிலமும், 1952-இல் ஐசோனியாசிடும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. நோயைக் குணப்படுத்தும் வழி கையில் இருந்தது. ஆனால் இந்தியாவில் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் சானடோரியப் படுக்கைகள் ஒரு பொருட்டாகவே இல்லை. அத்தனை பேருக்கும் படுக்கை கட்டி முடிக்கும்வரை காத்திருப்பது, பெரும்பாலோரைச் சாக விடுவதற்குச் சமம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை நிறுவின. பிரிட்டனிலிருந்து வந்த மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் தொடக்க ஆண்டுகளில் தலைமை ஏற்றார். இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அதே சேத்துப்பட்டில் இயங்குவது அந்த மையமே.

ஆய்வின் அமைப்பு எளிமையானது, ஆனால் துணிச்சலானது. சென்னை நகரின் ஏழைப் பகுதிகளில் வாழ்ந்த, நுரையீரல் காசநோய் உறுதியான 193 பேர், சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போன்ற சமவாய்ப்பு முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்தில் தங்கினார்கள். மற்றப் பிரிவினர் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் மருந்து ஒன்றே: ஐசோனியாசிடும் பாஸும் நாள்தோறும் 12 மாதங்களுக்கு. சானடோரியத்தில் செவிலியர் கையால் மருந்து கிடைத்தது, நல்ல சாப்பாடு கிடைத்தது, படுத்து ஓய்வெடுக்க முடிந்தது. வீட்டில் இருந்தவர்களோ நெரிசலான குடியிருப்புகளில், குடும்பத்தோடு ஒட்டி உறங்கி, கிடைத்ததைச் சாப்பிட்டு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு மருந்தை எடுத்துக்கொண்டார்கள். பாஸ் என்பது கிராம் கணக்கில் விழுங்க வேண்டிய, குமட்டலை உண்டாக்கும் மருந்து. அதை வீட்டில் ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்று அறியச் சிறுநீர்ப் பரிசோதனையும் முன்னறிவிப்பில்லாத வீட்டு வருகைகளும் இருந்தன.

1959-இல் வெளியான முடிவு இது: ஓராண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கிய நிலையை எட்டியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. இத்தனை சிறிய வேறுபாட்டுக்காக ஒரு நாடு முழுவதும் படுக்கைகள் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 1962-இல் இந்தியா தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம், நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்ற அடிப்படையில்தான் வகுக்கப்பட்டது. உலகின் வேறு பல நாடுகளிலும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இனி தொற்றின் கேள்வி. மருந்தின் வெற்றியைவிட இந்தப் பகுதியே அன்றைய மருத்துவர்களை அதிகம் வியக்க வைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் வீட்டுச் சிகிச்சையை எதிர்த்தவர்களின் வலுவான வாதம், "நோயாளி குணமாகலாம், ஆனால் அதற்குள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாரே" என்பதுதான். அதனால் இரு பிரிவு நோயாளிகளின் குடும்பத்தாரையும் மையத்தினர் ஐந்தாண்டுகள் தொடர்ந்து சோதித்து வந்தார்கள். சானடோரியத்துக்குப் போனவரின் குடும்பத்தைவிட, நோயாளியோடு ஒரே அறையில் படுத்துறங்கிய குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதே கண்டது. இதன் பொருள் காசநோய் எளிதில் பரவாது என்பதன்று. பரவ வேண்டிய அளவு பரவியது, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே. இரண்டு, மூன்று மாதங்களாகச் சாதாரண இருமல் என்று நாட்டுமருந்தும் இருமல் டானிக்கும் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், வீட்டிலிருந்தவர்கள் அந்தக் காற்றைச் சுவாசித்து முடித்திருந்தார்கள். மருந்து தொடங்கியதும் கிருமியை வெளிவிடும் ஆற்றல் வேகமாகக் குறைந்துவிடுகிறது.

இதை நம் வீடுகளில் இன்றும் நடக்கிற ஒன்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். காசநோய் என்று தெரிந்த அன்று மாலையே நோயாளிக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் ஒதுக்கப்படுகின்றன. துணி தனியாகத் துவைக்கப்படுகிறது. மருமகளாக இருந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைப்பதும் உண்டு. இவற்றில் ஒன்றும் தொற்றைத் தடுப்பதில்லை. காசநோய்க் கிருமி தட்டிலோ துணியிலோ இருந்து பரவுவதில்லை. இருமும்போதும் உரக்கப் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகள், ஈரம் உலர்ந்து சில மைக்ரான் அளவுத் துகள்களாகிக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கின்றன. காற்றோட்டமில்லாத அறையில் அதை மற்றவர் உள்ளிழுக்கிறார். ஆகவே தடுப்பு என்பது சன்னலைத் திறந்து வைப்பதிலும், இருமும்போது வாயை மூடுவதிலும், முதல் சில வாரங்கள் நோயாளி முகக்கவசம் அணிவதிலும், எல்லாவற்றுக்கும் மேலாக மருந்தை ஒரு நாளும் விடாததிலும் இருக்கிறது. தனித் தட்டு வைத்தவரே நோயாளியின் வாய் திறந்த இருமலைப் பற்றியும் மூடிய சன்னலைப் பற்றியும் கவலைப்படாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒதுக்கப்படும் வேதனை நோயாளிக்கு, பாதுகாப்போ யாருக்கும் இல்லை.

தொற்று முன்னரே நிகழ்ந்துவிட்டது என்ற கண்டுபிடிப்புக்கு இன்னொரு விளைவும் உண்டு. நோயாளியை அனுப்பிவிட்டால் குடும்பம் தப்பியது என்று நினைப்பது தவறு என்பதால், குடும்பத்தார் அனைவரையும் உடனே சோதிப்பது கட்டாயமாகிறது. கிருமி உடலுக்குள் புகுந்த பலரில் அது உறங்கிக் கிடக்கிறது. வாழ்நாளில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கே நோயாக மாறுகிறது, அதிலும் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வடிவங்களில் வரும் ஆபத்து அதிகம். எனவே வீட்டில் ஒருவருக்குக் காசநோய் உறுதியானால், மற்றவர்களுக்கு நோய் இல்லை என்று சோதித்து அறிந்தபின் தடுப்பு மருந்து தரப்படுகிறது. அது நாள்தோறும் ஆறு மாதம் ஐசோனியாசிடாகவோ, வாரம் ஒரு முறை வீதம் 12 வாரங்கள் ஐசோனியாசிடும் ரிஃபாபென்டினுமாகவோ இருக்கலாம். "எனக்கு ஒன்றும் இல்லையே, நான் ஏன் மாத்திரை சாப்பிட வேண்டும்" என்று இதை மறுக்கிறவர்கள் பலர். உறங்கும் கிருமிக்கு அறிகுறி கிடையாது என்பதை அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லத்தான் வேண்டும்.

உணவைப் பற்றிய பகுதிக்கு வருகிறேன். வீட்டுப் பிரிவினரும் சானடோரியப் பிரிவினரும் என்ன சாப்பிட்டார்கள் என்பதை மையத்தினர் தனியே அளந்து 1961-இல் வெளியிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களின் உணவு, ஆற்றல், புரதம், கொழுப்பு என்று எதில் பார்த்தாலும் சானடோரிய உணவைவிடக் குறைவு. சானடோரியத்தில் இருந்தவர்கள் கூடுதலாக எடை ஏறினார்கள். அப்படியிருந்தும் கிருமி அடங்குவதில் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆற்றல் வாய்ந்த மருந்துகள் ஓராண்டு தரப்படும்போது, உணவின் எந்தக் கூறும் நோய் அடங்குவதைத் தீர்மானிப்பதாகத் தெரியவில்லை என்று ஆய்வாளர்கள் முடித்தார்கள்.

அவர்கள் கேட்ட கேள்விக்கு அது சரியான விடை, அன்றைய தேவைக்கு அது பெரும் விடுதலையும்கூட. பாலும் முட்டையும் வாங்க முடியாததால் தனக்குக் குணமே இல்லை என்று ஒடுங்கிப்போயிருந்த கூலித்தொழிலாளிக்கு, "மருந்தை விடாமல் சாப்பிடு, குணமாவாய்" என்று மருத்துவர் உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஆனால் காலப்போக்கில் அந்த வாக்கியத்தின் நிபந்தனைகள் உதிர்ந்துபோய், "காசநோய்க்கு உணவு முக்கியமில்லை" என்ற சுருக்கம் மட்டும் நின்றுவிட்டது. ஆய்வு அளந்தது மருந்து உண்ணும் ஒருவரின் சளியில் கிருமி அடங்குவதை. சோறு போதாத வீட்டில் ஏற்கெனவே கிருமி புகுந்த மற்றவர்களில் யாருக்கு நோய் எழும், 35 கிலோவாக மெலிந்து வரும் நோயாளி முதல் இரண்டு மாதங்களில் பிழைப்பாரா, குணமானவருக்கு மறுபடி உழைக்க உடம்பு இருக்குமா என்பவை அந்த அளவுகோலுக்குள் வராத கேள்விகள். பசிக்கும் காசநோய்க்கும் உள்ள உறவை நம் முன்னோர் அறிந்தே இருந்தார்கள். உடம்பு தேய்வதால்தானே அதற்குச் சயரோகம் என்று பெயரிட்டார்கள்.

மிச்சமிருந்த அந்தக் கேள்விகளில் இரண்டுக்கு, 60 ஆண்டுகள் கடந்து, அதே சேத்துப்பட்டு நிறுவனத்தின் பங்கேற்போடு விடை கிடைத்தது. ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில், மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா முதலியோர் 2019-இல் தொடங்கி நடத்திய ஆய்வில் 2,800 நோயாளிகளும் அவர்களுடைய வீட்டார் 10,345 பேரும் இடம்பெற்றார்கள். நோயாளிகள் அனைவருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள்கள், அதாவது அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் போன்றவை, சத்து மாத்திரையோடு ஆறு மாதங்கள் தரப்பட்டன. வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சேர்த்துத் தரப்பட்டன. மற்றப் பிரிவு வீட்டாருக்கு அவ்வாறு தரப்படவில்லை. 2023-இல் வெளியான முடிவில், உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்திருந்தது. கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோயைத் தனியே பார்த்தால் 48 விழுக்காடு குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பூசிக்கு நிகராக வேலை செய்திருக்கின்றன. இதைச் சொல்லும்போது எனக்கு மகிழ்ச்சியோடு வருத்தமும் வருகிறது, ஏனெனில் இந்தத் தடுப்பூசி நம் நியாயவிலைக் கடைகளில் எப்போதும் இருந்தது.

நோயாளிகளைப் பொறுத்தவரை, அவர்களில் ஐந்தில் நால்வர் உரிய எடைக்குக் கீழே இருந்தார்கள். முதல் இரண்டு மாதங்களில் 5 விழுக்காடு எடை ஏறியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61 விழுக்காடு குறைவாக இருந்தது. 40 கிலோ எடையுள்ளவருக்கு அது வெறும் 2 கிலோ. மருந்தகத்தில் மாத்திரை எண்ணித் தருகிற ஒவ்வொரு முறையும் எடை பார்த்து எழுத வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. தமிழ்நாடு அரசு 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இந்த வழியில்தான் செல்கிறது. நோய் கண்டவுடன் நோயாளியின் உயரம், எடை, மூச்சின் வேகம், இரத்த ஆக்சிஜன் அளவு, தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, நிலை மோசமானவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். உடல் நிறைக் குறியீடு 14-ஐத் தாண்டாதவர், அதாவது 160 சென்டிமீட்டர் உயரத்துக்கு 36 கிலோகூட இல்லாதவர், அந்த வகையில் அடங்குவார். வீட்டிலேயே சிகிச்சை என்ற சேத்துப்பட்டு விதிக்கு யார் விலக்கு என்பதை இத்திட்டம் தெளிவாக்கியிருக்கிறது. மத்திய அரசு 2018 முதல் சிகிச்சைக் காலத்தில் மாதம் 500 ரூபாய் உணவுக்காக வழங்கிவந்தது, 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது.

என்ன சாப்பிடுவது என்று குடும்பத்தார் கேட்கும்போது, விலை உயர்ந்த சத்துப்பொடி டப்பாவை நோக்கி அவர்களைத் திருப்பிவிடக் கூடாது. இந்தியக் காசநோய்த் திட்டத்தின் ஊட்டச்சத்து வழிகாட்டுதல், இருக்க வேண்டிய எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கலோரியும் 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும் என்கிறது. 50 கிலோ இருக்க வேண்டியவருக்கு 2,000 கலோரியும் 60 முதல் 75 கிராம் புரதமும் என்று கணக்காகிறது. 300 கிராம் அரிசி, 75 கிராம் பருப்பு, இரண்டு முட்டை, ஒரு கை நிறைய அளவில் 50 கிராம் நிலக்கடலை, ஒரு டம்ளர் பால், சமையலுக்கு நான்கைந்து தேக்கரண்டி எண்ணெய், இவை சேர்ந்தால் அந்த அளவு எட்டிவிடும். முருங்கைக்கீரையும் கிடைக்கிற பழமும் அதோடு சேரலாம். பசியில்லாதவர் ஒரே வேளையில் உண்ண முடியாது என்பதால், கேழ்வரகுக் கூழாகவும் பொட்டுக்கடலை மாவாகவும் ஐந்தாறு தடவை பிரித்துத் தருவது உதவும்.

இந்த இடத்தில் பத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தயிர் குளிர்ச்சி, வாழைப்பழம் சளி பிடிக்கும், முட்டை சூடு என்று ஒவ்வொன்றாக விலக்கி, ஏற்கெனவே மெலிந்தவரை ரசச் சோற்றில் நிறுத்திவிடுவது அன்பினால் செய்யப்படும் தீங்கு. உண்மையில் விலக்க வேண்டியவை மிகச் சில. மது கட்டாயம் கூடாது, ஏனெனில் இன்றைய சிகிச்சையில் தரப்படும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றும் கல்லீரலுக்குச் சுமை தரும் மருந்துகள். ஐசோனியாசிட் உண்பவர்கள் சிலருக்குச் சூரை போன்ற மீன் வகைகளைச் சாப்பிட்டவுடன் முகம் சிவந்து தலைவலியும் படபடப்பும் வருவதுண்டு, அத்தகையோர் அந்த மீனைத் தவிர்த்து வேறு மீன் உண்ணலாம். சர்க்கரை நோய் உள்ளவர் எடை ஏற்றும் ஆவலில் சர்க்கரைக் கட்டுப்பாட்டை விட்டுவிடக் கூடாது. சர்க்கரை நோயே காசநோய் வரும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது.

குணமானதற்குப் பிந்தைய காலத்தைச் சேத்துப்பட்டு மையத்தினர் புறக்கணிக்கவில்லை. சிகிச்சை முடிந்த நோயாளிகளையும் ஐந்தாண்டுகள்வரை தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டில் குணமானவர்கள் சானடோரியத்தில் குணமானவர்களுக்குச் சளைக்காமல் நோயின்றி இருந்தார்கள். இன்று ஆறு மாதங்களில் முடிகிற சிகிச்சைக்குப் பின், பலர் மாத்திரை அட்டை தீர்ந்த நாளோடு மருத்துவமனையை மறந்துவிடுகிறார்கள். மறுபடி நோய் எழுவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில்தான் என்பதால், 6, 12, 18, 24-ஆம் மாதங்களில் வந்து பார்க்கும்படி தேசியத் திட்டம் கேட்கிறது. ஒரு முறை வந்து குணமானது, மறுபடி வராமல் காக்கும் எதிர்ப்பாற்றலைத் தருவதில்லை. புதிதாக வேறொருவரிடமிருந்து தொற்றவும் கூடும்.

நோய் அடங்கினாலும் நுரையீரலில் தழும்பு நிற்கிறது. சிலருக்கு மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்குகிறது, சிலருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பழைய குழிக்குள் பூஞ்சை வளர்ந்து இரத்தம் வருவதும் உண்டு. இந்த இருமல் எல்லாமே காசநோய் திரும்பியதன் அடையாளம் ஆகாது. ஆனால் சளியைச் சோதிக்காமல் அப்படி முடிவு செய்யவும் கூடாது, சோதிக்காமலே மறுபடி காசநோய் மருந்தைத் தொடங்கவும் கூடாது. புகைப்பதை நிறுத்துவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, மூச்சுப் பயிற்சியும் நடையும் மெல்ல மெல்லக் கூட்டுவது ஆகியவை குணமானவர் கையில் இருக்கின்றன. அவருக்கு முழு வேலை திரும்பக் கிடைப்பதோ, அந்த வேலை தூசி நிறைந்த கல்லுடைக்கும் பட்டறையாக இல்லாமலிருப்பதோ அவர் கையில் மட்டும் இல்லை.

உணவுக்கான 1,000 ரூபாய் சிகிச்சை முடிகிற மாதத்தோடு நின்றுவிடுகிறது. ஆறு மாதத்தில் 44 கிலோவுக்கு வந்தவர், அவருடைய உயரத்துக்கு 48 கிலோ இருக்க வேண்டியவராக இருக்கலாம். சளியில் கிருமி இல்லை என்பதால் ஏட்டில் அவர் குணமானவர். அடுத்த ஆறாம் மாதத்தில் அவர் சோதனைக்கு வரும்போது, சளியோடு சேர்த்து எடையையும் பார்த்து, முந்தைய எடைக்குப் பக்கத்தில் எழுதி, குறைந்திருந்தால் வீட்டில் அரிசியும் பருப்பும் எத்தனை நாளைக்கு இருக்கின்றன என்று கேட்க வேண்டும்.